கிராஃபிக் டிசைன் படிக்க எந்த வாசல்? சிங்கப்பூர் மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு விளக்கம்

உயர்நிலை மூன்றிலோ நான்கிலோ படிக்கும் பிள்ளை "நான் டிசைன் படிக்கப் போகிறேன்" என்று சொன்னதும் பல தமிழ் வீடுகளில் மூன்று கேள்விகள் எழுகின்றன. அது எங்கே சொல்லித் தரப்படுகிறது? படித்தால் வேலை உண்டா? படத்தையும் போஸ்டரையும் இப்போது செயற்கை நுண்ணறிவே செய்துவிடுகிறதே, பிறகு எதற்கு மூன்றாண்டுப் படிப்பு?

கேள்விகள் நியாயமானவை. பதில் தேடும்போது குழப்பம் கூடுவதற்கும் காரணம் உண்டு. 2024இல் நாட்டின் முதல் கலைப் பல்கலைக்கழகம் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. 2027 முதல் சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகள் ஒரே சான்றிதழாக இணைகின்றன. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்கச் சமூகக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எனவே அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

சமூகக் கல்லூரி: இங்கே அதற்கு இணை எது?

அமெரிக்காவில் சமூகக் கல்லூரி என்பது பொதுப் பணத்தில் உள்ளூரிலேயே நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரி. பள்ளி முடித்த பெரும்பாலோருக்கு அங்கே இடம் கிடைக்கும். பல்கலைக்கழகத்தைவிடக் கட்டணம் குறைவு. இரண்டாண்டு முடித்து இணைப் பட்டம் பெற்றவர், விரும்பினால் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் படிப்பைத் தொடரலாம். மலேசியாவிலும் 2001 முதல் கொலெஜ் கொமுனிடி என்ற பெயரில் அரசுக் கல்லூரிகள் இயங்குகின்றன. ஜொகூரில் உறவினர் உள்ளவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்.

சிங்கப்பூரில் அந்தப் பெயரில் கல்லூரி கிடையாது. சமூக மன்றங்களில் நடக்கும் வடிவமைப்பு வகுப்புகளை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை ஆர்வத்துக்கும் அறிமுகத்துக்கும் நல்லவை. தொழிலுக்கான தகுதியை அவை தருவதில்லை. சமூகக் கல்லூரி செய்யும் வேலையை இங்கே செய்பவை ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும்தான்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரியில் சேர்வது எளிது. பொதுப் பாடங்களைப் படித்துக்கொண்டே துறையைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே துறையை முதலிலேயே தேர்ந்தெடுத்துப் போட்டியிட்டு உள்ளே நுழைய வேண்டும். "சேர்ந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாறலாம்" என்ற அமெரிக்க அறிவுரை இங்கே அப்படியே பொருந்தாது. படிப்பு எப்படிப்பட்டது என்பதைச் சேரும் முன்பே அறிந்துகொள்வது அவ்வளவு முக்கியம்.

படிப்பில் உண்மையில் என்ன இருக்கிறது

கிராஃபிக் டிசைன் என்பது எழுத்து, படம், நிறம், வெற்றிடம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி ஒரு செய்தியைக் குறிப்பிட்ட மக்களிடம் சேர்க்கும் தொழில். புத்தக அட்டை, மருந்துப் பெட்டி, வங்கிச் செயலியின் திரை, எம்ஆர்டி நிலைய வழிகாட்டிப் பலகை எல்லாம் இதில் அடக்கம். கல்லூரிகள் இதற்கு இப்போது 'தொடர்பு வடிவமைப்பு', 'காட்சித் தொடர்பு' போன்ற பெயர்களை வைக்கின்றன. பாடத்திட்டத்தில் அசைவுப் படமும் செயலி வடிவமைப்பும் சேர்ந்துவிட்டதே காரணம்.

நன்றாக வரையத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மென்பொருள் கற்றுத் தருவதே படிப்பு என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் உதவும், ஆனால் இரண்டும் படிப்பின் மையம் அல்ல. இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப், இன்டிசைன், ஃபிக்மா ஆகியவற்றின் பொத்தான்களைச் சில மாதங்களில் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். கல்லூரியில் மட்டும் எளிதாகக் கிடைப்பது வேறு: செய்த வேலையைச் சுவரில் ஒட்டிவைத்து, ஆசிரியரும் சக மாணவரும் அதைக் கேள்வி கேட்கும் விமர்சன அமர்வு.

அந்த அமர்வு எப்படி நடக்கும் என்று பார்ப்போம். இரத்ததான முகாமுக்கு ஒரு போஸ்டர் செய்யச் சொல்கிறார்கள். மாணவர் அழகான ஓவியத்தோடு வருகிறார். ஆசிரியர் மூன்று மீட்டர் தள்ளி நின்று, "முதலில் எதைப் படிக்கிறீர்கள்?" என்று வகுப்பைக் கேட்கிறார். நான்கு பேர் நான்கு பதில் சொல்கிறார்கள். தேதியும் இடமும் யார் கண்ணிலும் படவில்லை. உடனே மாணவர் ஓவியத்தை விட்டுக்கொடுக்கத் தயங்குகிறார். ஏன் அது அங்கே இருக்க வேண்டும் என்று வாதாட வேண்டியிருக்கிறது. வாதம் நிற்கவில்லை என்றால் மறுபடி செய்ய வேண்டும். இப்படி மூன்று ஆண்டு வாதாடியவரும் தனியாக யூடியூப் பார்த்துக் கற்றவரும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்தலாம், வாடிக்கையாளர் "இது ஏன் இப்படி?" என்று கேட்கும்போது வேறுபாடு தெரிந்துவிடும்.

அச்சுத் தொழில்நுட்பமும் படிப்பின் பகுதி. ஒரு சிறு எடுத்துக்காட்டு. திரையில் கறுப்பாகத் தெரியும் சிறிய எழுத்தை நான்கு அச்சு மைகளையும் கலந்த கறுப்பில் அனுப்பிவிட்டால், அச்சுத் தகடுகள் மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்து படிக்க முடியாமல் போகும். சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்றே போதும். தாளின் ஓரம்வரை நிறம் வர வேண்டுமென்றால் வெட்டும் கோட்டுக்கு வெளியே வழக்கமாக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். இவை தெரியாமல் கோப்பை அனுப்பினால் ஆயிரம் பிரதிகள் வீணாகும். அந்தச் செலவை யாரேனும் ஏற்க வேண்டும்.

மூன்று வாசல்கள்

1. தொழில்நுட்பக் கல்விக் கழகம். 1992இல் தொடங்கப்பட்ட இக்கழகத்துக்கு மூன்று கல்லூரிகள் உள்ளன. வடிவமைப்பு, ஊடகத் துறைப் பள்ளி அங் மோ கியோவில் உள்ள மத்தியக் கல்லூரியில் இருக்கிறது. முன்பு நைட்டெக், அதன்பின் ஹையர் நைட்டெக் எனத் தொழிற்கல்விச் சான்றிதழ்கள் இரண்டு படிகளாக இருந்ததை மூன்றாண்டில் நேராக ஹையர் நைட்டெக் பெறும் முறையாக 2022 முதல் படிப்படியாக மாற்றியிருக்கிறார்கள். கையால் செய்து கற்கும் நேரம் இங்கே அதிகம். நல்ல மதிப்பெண்ணுடன் முடித்தவர்கள் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குச் செல்லலாம். நம் வீடுகளில் இக்கழகத்தின் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. வடிவமைப்புத் துறையைப் பொறுத்தவரை அதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்தத் துறையில் வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது "என்ன செய்திருக்கிறாய், காட்டு" என்பதைத்தான்.

2. பலதுறைத் தொழிற்கல்லூரி. மூன்றாண்டு டிப்ளோமா. தெம்பனிஸில் உள்ள தெமாசெக், அங் மோ கியோவில் உள்ள நன்யாங், டோவரில் உள்ள சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரி ஆகியவற்றில் வடிவமைப்புக்கென்றே பள்ளிகளோ டிப்ளோமாக்களோ உள்ளன. ஒரே துறைபோலத் தோன்றினாலும் சாய்வு வேறு: ஒன்றில் அச்சும் எழுத்துருவும் கூடுதல், இன்னொன்றில் அசைவுப் படம், மற்றொன்றில் ஊடகத் துறை முழுவதையும் தொட்டுச் செல்லும் அகலம். பாடப் பட்டியலை வரி வரியாகப் படித்தால்தான் இது புரியும். நிறுவனத்தில் வேலைப் பயிற்சி இறுதிக் கட்டத்தில் வரும்.

3. கலைக் கல்லூரிகள். நன்யாங் நுண்கலைக் கழகம் 1938இலும் லாசால் கலைக் கல்லூரி 1984இலும் தொடங்கப்பட்டவை. இரண்டும் இணைந்த கூட்டமைப்பே 2024 ஆகஸ்ட்டில் முதல் மாணவர்களை ஏற்ற சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம். கல்லூரிகள் தனித்தனியாக இயங்குகின்றன. பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. இங்கே டிப்ளோமாவும் உண்டு, பட்டமும் உண்டு. படைப்புத் தொகுப்புக்கும் நேர்காணலுக்கும் எடை அதிகம். அரசு உதவி இருந்தாலும் கட்டணம் பலதுறைத் தொழிற்கல்லூரியைவிடக் கூடுதல்.

டிப்ளோமாவுக்குப் பிறகு பட்டம் வேண்டுமென்றால் கலைப் பல்கலைக்கழகத்தோடு, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளியும் உண்டு. தொடர்புள்ள டிப்ளோமா இருந்தால் சில இடங்களில் பாட விலக்கு கிடைக்கலாம்.

தனியார் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே சேர்வதென்றால் தனியார் பள்ளிகளின் தரத்துக்கு அரசு தரும் எட்யூடிரஸ்ட் சான்று இருக்கிறதா, கட்டணப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் பெருந்தொகையை முன்கூட்டியே கட்டக் கூடாது.

சேர்க்கை எப்படி நடக்கிறது

சாதாரண நிலைத் தேர்வு முடிவுகளோடு நடக்கும் கூட்டுச் சேர்க்கையில் ஆங்கிலம், தொடர்புடைய இரண்டு பாடங்கள், அவை தவிர்த்த சிறந்த இரண்டு பாடங்கள் என ஐந்து பாடங்களின் புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். எண் குறையக் குறைய நல்லது. 26க்கு மேல் போகக் கூடாது. இணைப்பாட நடவடிக்கைக்காக இரண்டு புள்ளிவரை குறைப்பு உண்டு. தமிழில் பெற்ற நல்ல தரநிலை அந்தச் சிறந்த இரண்டில் ஒன்றாகக் கணக்கில் வரலாம். வடிவமைப்பு வகுப்புகளில் ஓவியமும் வடிவமைப்புத் தொழில்நுட்பமும் தொடர்புடைய பாடங்களின் பட்டியலில் உள்ளன. ஆனால் பள்ளியில் ஓவியம் எடுக்காதவருக்குக் கதவு மூடியிருப்பதாக எண்ண வேண்டாம். பொதுவாக அது கட்டாயமில்லை. கடுமையான நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களைச் சில வகுப்புகள் ஏற்பதில்லை என்பதை மட்டும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, தேர்வுக்கு முன்பே நடக்கும் முன்கூட்டிய சேர்க்கை. ஆண்டின் நடுவில் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்வம், திறன், நேர்காணல், படைப்புத் தொகுப்பு ஆகியவற்றை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வடிவமைப்பில் ஊறிய பிள்ளைக்கு இதுவே பொருத்தமான பாதை. இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும்: இடம் கிடைத்தாலும் பின்னர் தேர்வில் குறைந்தபட்சத் தகுதியை எட்டியாக வேண்டும், இடத்தை ஏற்றுக்கொண்டால் அதன்பின் கூட்டுச் சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது.

2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்தலின்கீழ் படிக்கும் முதல் அணியினர். விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் அவர்களுக்கு இல்லை. 2027இல் புதிய சான்றிதழ்த் தேர்வை எழுதி 2028இல் உயர்கல்விக்குப் போகிறார்கள். சேர்க்கைக் கணக்கும் அதற்கேற்ப மாறுகிறது. எனவே அண்ணன், அக்காள் சேர்ந்த காலத்துப் புள்ளிகளை வைத்துத் தம்பி, தங்கைக்குக் கணக்குப் போட வேண்டாம்.

படைப்புத் தொகுப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பல மாணவர்கள் நடிகர்களின் உருவத்தைப் பென்சிலால் அச்சு அசலாக வரைந்து கொண்டுபோகிறார்கள். கைத்திறன் தெரியும், சிந்தனை தெரியாது. அக்கம்பக்கத்துக் கடையின் உணவுப் பட்டியலை எளிதாகப் படிக்கும்படி மாற்றியமைத்தது, அதற்கு முன் போட்ட குழப்பமான வரைவுகள், ஏன் ஒன்றைக் கைவிட்டு இன்னொன்றை எடுத்தார் என்ற குறிப்பு ஆகியவை அதைவிட அதிகம் பேசும்.

தமிழ் எழுத்து: யாரும் தனியாகச் சொல்லித் தராத பாடம்

நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நாடு இது. பொதுச் சுவரொட்டிகளிலும் அறிவிப்புப் பலகைகளிலும் தமிழ் இடம்பெறுகிறது. அந்தத் தமிழ் உடைந்து நிற்பதைப் பார்த்து மனம் நொந்த அனுபவம் இங்குள்ள ஒவ்வொரு தமிழருக்கும் இருக்கும். இதற்குப் பெரும்பாலும் அலட்சியத்தைக் குறை சொல்கிறோம். தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. அது வடிவமைப்பு மாணவருக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

யூனிகோடு முறையில் 'கெ' என்ற எழுத்து கணினியில் முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது மென்பொருள்தான் கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். 'கொ' என்றால் ஒரு குறியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இருபுறமும் வைக்க வேண்டும். இதைச் செய்யும் அமைப்பு முடக்கப்பட்டிருந்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும், புள்ளி எழுத்தின் தலையிலிருந்து விலகித் தனியே தொங்கும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது பிழை என்றே அவருக்குத் தோன்றாது. மின்னஞ்சலில் சரியாக வந்த வாசகம் அவருடைய கோப்பில் ஒட்டிய கணத்தில் உடைந்திருக்கும், அப்படியே அச்சாகிவிடும்.

தீர்வு எளிது. இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தெரிவை எடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்துப் பகுதியில் இந்திய மொழிகளுக்கான வசதியை இயக்க வேண்டும். வேலை முடிந்ததும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுக்குப் போகும் இறுதிக் கோப்பைப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு வந்த மின்னஞ்சலைப் பார்த்தது போதாது.

உடையாமல் வந்தாலும் அழகாக வருவது அடுத்த படி. தமிழில் மேலே விசிறி, கீழே சுழி என்று குறிகள் இருபுறமும் நீள்வதால் ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்கு நெரிசலாக இருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு நமக்கு இல்லை. ஆங்கிலத் தலைப்பில் அது செய்யும் வேலையைத் தமிழில் தடிமனும் அளவும் செய்ய வேண்டும். ஆங்கிலத் தலைப்பைப் போல எழுத்துகளை விலக்கி வைத்தால் கொம்பு தன் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். சீனத்தில் இரண்டு எழுத்தில் முடிவது தமிழில் பத்து எழுத்துவரை நீளும். நான்கு மொழிக்கும் சமமாகப் பெட்டி போட்டால் தமிழ்தான் சுருங்கிப் பொடியாகும். ஆகவே நீளமான மொழியை வைத்துப் பலகையின் அமைப்பைத் தொடங்க வேண்டும்.

தமிழ் எழுத்துரு வடிவமைப்பு நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆப்பிள் கணினிகளோடு வரும் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் ஆகிய எழுத்துருக்களை உருவாக்கியவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். இங்கே தமிழ் முரசு 1935 முதல் வந்துகொண்டிருக்கிறது. அதன் பழைய பக்கங்களே ஒரு தமிழ் மாணவருக்கு நல்ல ஆய்வுப் பொருள். இறுதியாண்டுத் திட்டத்துக்கு எல்லாரும் காப்பிக் கடைப் பெயர்ப் பலகையை எடுக்கும்போது, தமிழ் படிக்கத் தெரிந்த மாணவர் நான்கு மொழி மருந்துச் சீட்டை எடுத்துச் செய்யலாம். அதற்குத் தேவை இருக்கிறது. செய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

செயற்கை நுண்ணறிவும் வேலையும்

வாக்கியத்தைக் கொடுத்தால் படம் தரும் கருவிகள் வந்துவிட்டன. 2013இல் தொடங்கிய கேன்வா போன்ற சேவைகளில் கடைக்காரரே தன் விளம்பரத்தைச் செய்துகொள்கிறார். இதன் விளைவை மறைக்காமல் சொல்ல வேண்டும். படத்தின் பின்னணியை வெட்டுவது, ஒரே விளம்பரத்தைப் பல அளவுகளில் மாற்றுவது போன்றவை புதிதாகச் சேர்ந்தவர் கையில் கொடுக்கப்பட்ட வேலைகள். அவைதான் முதலில் குறைகின்றன. தொழிலின் கீழ்ப்படி ஒடுங்குகிறது என்பதே இதன் பொருள்; வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே யோசித்து முடிவெடுக்கத் தெரிந்தவரை நிறுவனங்கள் எதிர்பார்க்கும்.

எதைச் சொல்ல வேண்டும், யாருக்கு, எந்த வரிசையில் என்பதை முடிவுசெய்வது, வாடிக்கையாளரிடம் அதற்குக் காரணம் சொல்வது, தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பது ஆகியவை கருவிக்கு மாறவில்லை. தமிழைப் பொறுத்தவரை, படம் உருவாக்கும் கருவிகள், மொழியிலேயே இல்லாத எழுத்துகளைத் தமிழ்போல் வரைந்து வைப்பதை இன்றும் பார்க்கிறோம். மென்பொருளை மட்டும் சொல்லித் தரும் குறுகிய காலப் படிப்புக்குப் பெருந்தொகை கட்டுவது முன்பைவிட இப்போது ஆபத்தானது. விமர்சன அமர்வும் உண்மையான வாடிக்கையாளரோடு செய்யும் திட்டங்களும் உள்ள படிப்பின் மதிப்பு கூடியிருக்கிறது.

செலவும் காலமும்

குடிமக்களுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சில நூறு வெள்ளி. நிரந்தரவாசிகளுக்கும் வெளிநாட்டவருக்கும் அதிகம். கல்வி மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர் படிப்பு முடித்து மூன்று ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை செய்ய ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பிள்ளையின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கிலுள்ள பணத்தைக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். குறைந்த வருமானக் குடும்பங்கள் கல்லூரியின் உதவிநிதியோடு சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையும் அணுகலாம். பலர் மறந்துவிடும் செலவு மடிக்கணினியும் அச்சுப் பிரதிகளும். மலிவான கணினி இந்த மென்பொருள்களைத் தாங்காது.

ஆண் பிள்ளைகளுக்கு டிப்ளோமா முடிந்ததும் இரண்டாண்டு தேசிய சேவை. திரும்பி வரும்போது படைப்புத் தொகுப்பு பழையதாகியிருக்கும். விடுமுறை நாட்களில் ஆண்டுக்கு ஓரிரு சிறு திட்டங்களையாவது செய்து சேர்த்துக்கொள்வது நல்லது.

வேலையில் இருப்பவர்களுக்கும் பாதை உண்டு. 25 வயது நிரம்பிய குடிமக்கள், திறன் பயிற்சிக்காக அரசு தரும் தங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பகுதிநேரப் படிப்புக்குப் பயன்படுத்தலாம். 40 வயது நிரம்பியவர்களுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்கும் படிப்புகளின் பட்டியல் தனி.

பொது வரவேற்பு நாளில் கேட்க வேண்டியவை

பலதுறைத் தொழிற்கல்லூரிகள் வழக்கமாக ஜனவரியில் வரவேற்பு நாள் நடத்துகின்றன. பளபளக்கும் கண்காட்சியைச் சுற்றிவிட்டுத் திரும்பாமல் மாணவர்களிடமே பேசுங்கள்.

1. ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டூடியோவில், ஒரு வகுப்பில் எத்தனை பேர்? முப்பது பேருக்கு ஒரு ஆசிரியர் என்றால் விமர்சன அமர்வில் ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும்.

2. முதலாண்டு மாணவரின் வேலையைக் காட்ட முடியுமா? இறுதியாண்டின் சிறந்த படைப்புகளை எல்லாக் கல்லூரியும் சுவரில் மாட்டும். முதலாண்டின் சராசரி வேலையைப் பார்த்தால்தான் அங்கே கற்பிப்பது எப்படி என்று தெரியும்.

3. வேலைப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறீர்கள், அங்கே மாணவர் என்ன செய்தார்? நிறுவனத்தின் பெயரைவிட இரண்டாவது கேள்விக்கான பதில் முக்கியம்.

4. தமிழ், சீனம், மலாய் எழுத்துகளைக் கொண்டு செய்த திட்டங்கள் உண்டா, அவற்றை யார் மதிப்பிட்டார்கள்? "இல்லை" என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரியை ஒதுக்க வேண்டியதில்லை. அங்கே அப்படி ஒரு திட்டத்தைத் தொடங்க ஆசிரியர் இடம் கொடுப்பாரா என்று அடுத்து கேளுங்கள்.